டெமரேஜும் டிட்டென்ஷனும்

சென்னை ராஜாஜி சாலை சுங்க அலுவலகத்தைச் சுற்றியிருக்கும், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் அலுவலகங்களில் ஆங்கிலம் பேசத் தெரியாமல் காலம் தள்ளிவிடலாம். எழுதத் தெரியாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. எங்களிடம் சேர்கிறவர்கள் பெரும்பாலும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள். தமிழ்வழியில் படித்து பி.காம். முடித்தவர்கள். கணக்கில் கெட்டி. கப்பல் கம்பெனிக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும். அவர்களைப் பழக்கும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில்.

வரும்போதே பலர் ஒரு நோட்டு கொண்டுவருவார்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். அந்த உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் வேலைக்கு அது போதாது. டெமரேஜ், டிட்டென்ஷன் இரண்டுக்கும் நேராகத் 'தாமதக் கட்டணம்' என்றே எழுதியிருப்பார்கள். தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இலவச நாட்கள் முடிந்தும் சரக்கோடு கண்டெய்னர் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் விழுவது டெமரேஜ். அதை வெளியே எடுத்து, மாதவரம் கிடங்கில் சரக்கை இறக்கி, காலிக் கண்டெய்னரைக் கெடுவுக்குள் திருப்பித் தராவிட்டால் கப்பல் கம்பெனி கேட்பது டிட்டென்ஷன். எதற்காகத் தள்ளுபடி கேட்கிறோம், என்ன காரணம் காட்டுகிறோம் என்பதெல்லாம் இதை வைத்தே மாறும். எண்ணூர் சாலையில் லாரி நகரவில்லை என்ற காரணத்தை எல்லா இடத்திலும் சொல்ல முடியாதல்லவா?

ஆகவே பொருளுக்குப் பதில் வாக்கியம் எழுதச் சொல்கிறேன். முதலில் சொந்த வாக்கியம் வேண்டாம். பழைய கோப்பிலிருந்து எடுத்தது போதும். அகராதிக்காரர்களே இந்த வழிக்கு வந்தவர்கள்தாம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, உட்கார்ந்து யோசித்து எடுத்துக்காட்டுகளை உண்டாக்கவில்லை. புழக்கத்தில் இருந்த ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அதிலிருந்து எடுத்துக்கொண்டது. சொல்லின் பொருளையும் முழு வாக்கியமாகவே விளக்கியது. எங்கள் அலமாரிக் கோப்புகளுக்கு அந்த அளவு இல்லை, தேவைக்குப் போதும்.

கோப்பில் தேடும்போதுதான் எந்தச் சொல் எதோடு சேரும் என்பது பிடிபடுகிறது. தமிழில் நாம் இன்வாய்ஸ் போடுவோம், இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி என்ற விவரப் படிவம் போடுவோம், கிளெய்மும் போடுவோம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ரெய்ஸ், இரண்டாவதற்கு ஃபைல், மூன்றாவதற்கு லாட்ஜ். லாட்ஜ் என்றதும் சிரிக்காத பிள்ளை இதுவரை வரவில்லை. சிரித்தவர்கள் மறப்பதும் இல்லை.

சொந்த வாக்கியம் அதற்குப் பிறகு. இங்கேதான் காசிமேட்டுப் பெண் ஒருத்தி என்னை அசத்தினாள். 'எக்ஸம்ப்ட்' என்ற சொல்லுக்கு வரிவிலக்கு பற்றி ஏதாவது எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, கட்டுமரங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பின்னால் வரவேண்டிய 'ஃப்ரம்' தானாக வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் வருமானம் நின்றுபோகும் இரண்டு மாதத்தைப் பற்றிய வாக்கியம் அல்லவா, அதில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. மறுநாள் ஓர் இறக்குமதியாளருக்காகச் சுங்கவரி விலக்குக் கடிதத்தை அவளே எழுதினாள். நான் தேதியை மட்டும் திருத்தினேன்.

கைபேசியில் தினம் ஒரு சொல் அனுப்பும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவை அனுப்பும் ஆடம்பரச் சொற்களை ஒரு பையன் டிட்டென்ஷன் தள்ளுபடிக் கடிதத்தில் அள்ளித் தெளித்திருந்தான். எத்தனை நாள் தள்ளுபடி வேண்டும் என்பதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

இப்போது புதியவர்களுக்குக் கோப்பெடுத்துக் கொடுப்பது அந்தக் காசிமேட்டுப் பெண்தான். அவர்களில் ஒருவன் வியாசர்பாடிக் கால்பந்தாட்டக்காரன். அவனுக்குப் 'பெனால்டி'யில் தொடங்கியிருக்கிறாள்.