பிச்சாவரத்தில் கன்று நடுமுன்

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரக் கன்று நடப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. வெள்ளாறு, கொள்ளிடம் முகத்துவாரங்களுக்கு நடுவே இருக்கும் பிச்சாவரத்தில் பழைய காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் வற்றி, அமுங்கி, தட்டுபோலக் குழிந்துவிட்டது. கடல் ஏறும்போது உள்ளே வந்த ஓதநீர் வடியாது. வெயிலில் சுண்டி உப்பு ஏறும். அங்கே எதை நட்டாலும் கருகத்தான் செய்யும்.

அதனால் முதலில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டுகிறார்கள்: நடுவில் பெரியது, இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். கன்று வாய்க்காலின் சரிவில், ஓதம் தொட்டுப்போகும் மட்டத்தில். மேட்டில் வைத்தால் காயும், அடியில் வைத்தால் மூழ்கும்.

அலையாத்தியில் ஒரு வகையான சுரபுன்னைக்கு நாற்றங்காலே வேண்டாம்; முருங்கைக்காய்போலத் தொங்கும் முளையின் கூர்முனையைச் சேற்றில் குத்தினால் போதும். தலைகீழாகக் குத்துபவர்களும் உண்டு!

வண்டல் சேர்ந்து வாய்க்கால் தூர்ந்தால் பழைய கதைதான். நடுவிழாவுக்கு வரும் கூட்டம் தூர்வாரும்போது வருவதில்லை. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்ந்த காடு இது.