போயாவன்று நிறுத்திய குடி

குடியை நிறுத்துவதற்கு நான் தெரிந்தெடுத்த நாள் ஒரு போயா தினம், இலங்கையில் பௌர்ணமிக்கு விடும் அரசாங்க விடுமுறை. அன்று நாடு முழுவதும் மதுக்கடைகள் பூட்டியிருக்கும், வாங்குவதற்கு வழியிருக்காது, ஆகவே முதல் நாளை அரசாங்கமே கடத்தித் தந்துவிடும் என்பது என்னுடைய கணக்கு. பதினேழு வருடங்களாக மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, கடைசி நான்கு வருடங்களில் காலை பத்து மணிக்கே தொடங்கி, நாளொன்றுக்கு ஒரு முழுப் போத்தல் சாராயம் வரை வந்துவிட்ட ஒருவன் போட்ட கணக்கு இது என்றால், அவனுடைய மற்றக் கணக்குகளின் இலட்சணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள் வியர்வையோடு போயிற்று. இரண்டாம் நாள் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில், சுவரில் சாய்த்து வைத்திருந்த வெற்றுக் கன்வஸின் மேல் எறும்புகள் சாரைசாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஈரத் துணியால் நான் துடைக்கத் துடைக்க அவை கூடிக்கொண்டே போயின. பின்னால் வந்து நின்ற மனைவி, "இஞ்சேருங்கோ, என்னத்தைத் துடைக்கிறியள்?" என்று கேட்டபோதுதான் அங்கே எறும்பே இல்லை என்பது விளங்கியது, விளங்கிய பிறகும் கை துடைப்பதை நிறுத்தவில்லை.

இதை வாசிப்பவர்களில் யாரேனும் நாள்தோறும் நிறையக் குடிப்பவராக இருந்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். பல வருடங்கள் குடித்த உடலுக்குத் திடீரென்று மது கிடைக்காமற் போனால், கடைசிக் கிளாசுக்குப் பின் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையான காலத்தில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிதற்றல் நிலை வரலாம். இரண்டாலும் உயிர் போகக்கூடும். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வைத்தியசாலையில் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், மூளை பாதிக்கப்படாமலிருக்க பி1 விற்றமினான தயமினை ஊசியாக ஏற்றுவார்கள். எனக்கும் அதைத்தான் செய்தார்கள். வாட்டில் ஆறு நாட்கள் இருந்தேன்; சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அங்கே நடக்கவில்லை.

உண்மையான அலைச்சல் வீட்டுக்கு வந்த பிறகே தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து வேறோர் இடத்திலுள்ள கிளினிக்குக்குப் போகும்படி சொல்லியிருந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி, அதிகாலையிலேயே போய் வரிசையில் நின்று, ஒன்பதரைக்குக் கவுன்ரரை அடைந்தால், வாட்டிலிருந்து வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் காட் எங்கே என்று எழுதுநர் கேட்டார். அதை மனைவி வெட்கத்தில் அலுமாரிச் சேலைகளுக்கடியில் வைத்திருந்தார். மருந்துத் துண்டைக் காட்டினேன், அடையாள அட்டையைக் காட்டினேன், வாட்டுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்க்கலாமே என்றும் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலேயே, ஆனால் பின்னால் நின்ற முப்பது பேருக்கும் கேட்கும்படியாக, குடி கேஸ்காரர்கள் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத்தான் வருவார்கள் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதை அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை.

வெளியே வந்தபோது எதிர்ப்பக்கத்தில் ஒரு மதுக்கடை திறந்துகொண்டிருந்தது. இரும்புக் கதவை ஏற்றும் சத்தத்தை நான் எங்கிருந்தாலும் அடையாளம் காண்பேன். அன்று என்னைத் தடுத்தது எந்த ஞானமுமில்லை. திரும்பிப் போக வைத்திருந்த பஸ் காசு தவிர என்னிடம் வேறு பணமில்லை. வெளியே போகும்போது பணப்பையில் அதிகம் வைக்காதீர்கள் என்று வாட்டில் ஒரு தாதி சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் மிக மலிவானதும் மிகப் பயன்பட்டதும் அதுதான்.

இரண்டாம் முறை டயக்னோசிஸ் காட்டைப் பிளாஸ்ரிக் உறையிலிட்டு, அதற்கு மூன்று போட்டோப் பிரதியும் எடுத்துக்கொண்டு போனேன். வாயில் பூட்டியிருந்தது. அன்று போயா. எந்த நாளை நம்பிக் குடியை நிறுத்தினேனோ அந்த நாளே, அரசாங்க விடுமுறையென்ற வேடத்தில் வந்து என் கிளினிக்கையும் மூடியிருந்தது. காவலாளி என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். ஆகவே திகதி தந்தால், வாங்கிய இடத்திலேயே நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள். தருபவர் பார்த்திருப்பார் என்று நினைக்காதீர்கள்.

மூன்றாம் முறை உள்ளே போனேன். ஆலோசகர் நல்ல மனிதர். ஆனால் தமிழ் அவருக்கு வராது. நான் சிங்களத்திலேயே பேசினேன், தடங்கலில்லாமல் பேசினேன், அதுதான் பிசகாகப் போயிற்று. பஸ் நடத்துநரோடும் வீட்டுக்காரரோடும் புழங்கும் மொழியில், என் தகப்பனின் செத்தவீட்டில் நான் வெறியில் விழுந்து கிடந்த கதையைச் சொன்னபோது, அது வேறு யாரோ ஒருவனுக்கு நடந்த சம்பவம்போல வாயிலிருந்து வந்தது. ஒரு மாதம் கழித்து, அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் கூட்டமொன்றில், ஆங்கிலமும் சிங்களமுமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், தமிழில் பேசலாமா என்று கேட்டேன். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரோடொருவர் பேசியதிலிருந்து உண்டான அமைப்பு அது; முழுப் பெயர் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் சொன்னது விளங்கியிருக்காது. "நான் ஒரு குடிகாரன்" என்று தமிழில் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த முதியவர் ஒன்றும் விளங்காமலேயே தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தினார். (கூட்டம் ஒத்துவராதவர்களுக்கு கொழும்பு ஹோட்டன் பிளேஸில் சுமித்ராயோ என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மெல் மெதுர என்ற குடி, போதை மீட்பு ஆலோசனை நிலையம் இருக்கிறது, நள்ளிரவில் தனியாக இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது.)

இனி ஓவியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னைக் குடியில் வைத்திருந்த பொய்யே அதைப் பற்றியதுதான். குடிக்காவிட்டால் கை வராது என்று நான் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை நம்பியவன் நான் ஒருவன்தான். முதல் மூன்று மாதம் உண்மையிலேயே கை வரவில்லை. ஆறு மணியானதும் அறைக்குள் நிற்க முடியாது. கடற்கரை ரயில் பாதையோரம் தெஹிவளை வரை நடந்துவிட்டு வந்து, சீனி கூடிய பிளேன்ரீயோடு உட்கார்ந்து, வேறொன்றும் தோன்றாததால் அந்தக் கோப்பையையே வரைந்தேன். மறுநாளும் அதே கோப்பை. நீர்வண்ணத்தில் விளிம்புக் கோட்டை ஒரே இழுப்பில் போட வேண்டும், நடுங்கினால் காட்டிக்கொடுத்துவிடும். முதற் கோப்பைகளின் வாய் கறையான் அரித்தது போலிருந்தது. இருபத்தாறாவது கோப்பையில், தேநீரின் செம்பழுப்பு கண்ணாடியோரத்தில் மெலிந்து மஞ்சளாகும் இடம் முதல்முறையாகச் சரியாக விழுந்தது. அன்றிரவு பிள்ளையை எழுப்பிக் காட்டினேன். "அப்பா, இது ரீ" என்றுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டாள்.

அந்த நாட்களில் பழைய படங்களையெல்லாம் இறக்கிப் பின்பக்கத் திகதிகளோடு பார்த்தேன். நான் பெருமைப்பட்டவற்றில் பெரும்பாலானவை காலையில், முதற் கிளாசுக்கு முன் தீட்டியவை. இரவில் தீட்டியவற்றில் நிறங்கள் ஒன்றோடொன்று குழம்பிச் சேறாகிக் கிடந்தன. ஆனால் இரண்டு படங்கள் நல்ல வெறியில் தீட்டியவை. அவை நல்ல படங்கள், இன்றைக்கும் அப்படியொன்றை என்னால் தீட்ட முடியாது. இதை மறைத்துவிட்டு எழுதினால் குடியர்கள் யாரும் என்னை நம்பமாட்டார்கள்.

சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சித் திறப்பு விழாக்களில் வைன் தட்டு உங்களைத் தேடி வரும். உள்ளே நுழைந்ததும் ஒரு கிளாஸ் இஞ்சிச் சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. "மச்சான், ஒரு கிளாசால என்ன வரப்போகுது" என்பவர்களுக்கு விளக்கம் சொல்லாதீர்கள், கல்லீரலைக் காட்டுங்கள். சளிக்கு அரிஷ்டம் வாங்கித் தரும் மாமிமாரிடம் கவனமாயிருங்கள். அது நொதிக்கவைத்துச் செய்வது, அதில் மதுசாரம் உண்டு.

1993 முதல் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரிலான மன்றம் நடத்திவரும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையில் இந்த வருடம் நடைபாதையில் அந்தக் கோப்பைகளை வைத்தேன். பதினொன்று விற்றன. பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டேன். போடுவதில் எந்தப் பிரச்சினையுமில்லை. அடுத்த வாரம் தாள் வாங்குவதற்காக எடுக்கப் போனபோது, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். திரும்பவும் இட்டேன். திரும்பவும் ஒத்துவரவில்லை. கவுன்ரரிலிருந்த பெண் திரையைச் சற்றே என் பக்கம் திருப்பினார். குடியின் உச்சத்தில் திறந்த கணக்கு அது. மாதிரிக் கையெழுத்து, காற்றிலாடும் நூல்போல, மூன்று இடங்களில் உடைந்து கிடந்தது.

அதைப்போலவே இட்டுக் காட்டினால் போதுமாம். இருபது வருடம் பார்த்து வரையப் பழகியவன் நான். என்னுடைய நடுக்கத்தை மூன்று முறை பிரதிபண்ணிப் பார்த்தேன், மூன்றும் பொய்யென்று எனக்கே தெரிந்தது. அடையாள அட்டையும் கடிதமும் கொண்டு நாளைக்கு வாருங்கள் என்றார்கள். இன்னொரு நாள் வீணாயிற்று. மறுநாள் வேறோர் உத்தியோகத்தர், தமிழ் அக்கா ஒருவர், ஏன் கையெழுத்து மாறியது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். கை நடுக்கம் நின்றுவிட்டது என்றேன். அவர் சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, "வைத்தியக் காரணம்" என்று எழுதினார். புதிய அட்டையில் இரண்டு இடத்தில் இட்டேன். பழையதன் குறுக்கே இரத்து என்ற முத்திரை விழுந்ததும், அதை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அது வங்கியின் சொத்து என்று சொல்லிக் கோப்பினுள் வைத்துக்கொண்டார்.