வரைபடத்தில் பெயர் வைக்கும் கேள்வி: நான் மதிப்பெண் இழந்த இடம்

முதுகலையில் கம்ப்யூட்டேஷனல் ஜியோமெட்ரியை (வடிவக் கணக்குகளைக் கணினியில் தீர்ப்பது) விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். பருவத் தேர்வில் ஒரு பெரிய கேள்வி. வரைபடத்தில் ஊர்ப் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரின் பெயரையும் புள்ளிக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ எழுதலாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எல்லாப் பெயர்களையும் வைக்க முடியுமா? பார்த்தவுடன் ‘என்பி-கம்ப்ளீட்’ (வேகமான வழி எதுவும் தெரியாத கடினக் கணக்கு) என்று எழுதி, சிமுலேட்டட் அனீலிங் (சிறு சிறு தற்செயல் மாற்றங்களால் நல்ல விடையைத் தேடும் முறை) பற்றி இரண்டு பக்கம் விளக்கினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை.

ஆய்வாளர்கள் ஃபோர்மானும் வாக்னரும் 1991இல் கடினம் என்று நிறுவியது, புள்ளியைச் சுற்றி நான்கு இடங்கள் உள்ள கணக்கை. இரண்டே இடம் என்றால் அது 2-சாட் (ஒவ்வொரு நிபந்தனையிலும் இரண்டு ‘ஆம்/இல்லை’ தெரிவுகள் மட்டுமே வரும் கணக்கு) ஆகிவிடும், வேகமாகத் தீர்க்கலாம். அதனால் கேள்வியில் எத்தனை இடம் என்பதை முதலில் அடிக்கோடிடுங்கள்.

எனக்கு இது புரிந்தது தஞ்சை மாவட்ட வரைபடத்தை வைத்துத்தான். கும்பகோணத்துக்குக் கிழக்கே திருவிடைமருதூர். கும்பகோணத்தை வலப்பக்கமும் திருவிடைமருதூரை இடப்பக்கமும் எழுதினால் இரண்டும் மோதும். ஆக, ‘கும்பகோணம் வலம் என்றால் திருவிடைமருதூரும் வலம்’. திருப்பிச் சொன்னால், ‘திருவிடைமருதூர் இடப்பக்கம் என்றால் கும்பகோணமும் இடப்பக்கம்’. ஒவ்வொரு மோதலுக்கும் இப்படி இரண்டு ‘என்றால்’ அம்புகள். அம்புகளைத் தொடர்ந்து போனால் ஓர் ஊரின் ‘வலம்’ அதே ஊரின் ‘இடப்பக்கத்துக்கு’ இட்டுச்சென்று, அங்கிருந்து மறுபடி ‘வலத்துக்கே’ திரும்புகிறதா? அப்படியானால் வழியில்லை. எந்த ஊருக்கும் அப்படி நேராவிட்டால் எல்லாப் பெயர்களையும் வைத்துவிடலாம்.

அப்புறம், ‘முடிந்தவரை அதிகப் பெயர்களை வை’ என்று கேட்டால் அது வேறு கணக்கு. பெயர்ப்பெட்டிகளின் (பெயர் அடங்கும் செவ்வகங்களின்) இடம் முன்பே முடிவாகியிருந்தாலும் இது கடினம்தான். எழுத்தளவு ஒன்றே என்றால் பெட்டிகளின் உயரமும் ஒன்றே; அங்கே அகர்வால், வான் கிரெவெல்ட், சூரி மூவரும் 1998இல் தந்த வழி அழகானது. ஒவ்வொரு பெட்டியும் ஒரே ஒரு கோட்டில் படும்படி, பெட்டி உயரத்தைவிடக் கூடுதல் இடைவெளியில் கிடைக்கோடுகள் போடுங்கள். ஒரு கோட்டில் உள்ளவற்றில் வலது முனை முதலில் முடிவதை எடுத்து, அதனுடன் மோதுபவற்றை விட்டுக்கொண்டே போங்கள். பிறகு ஒற்றைப்படைக் கோடுகளின் மொத்தம், இரட்டைப்படைக் கோடுகளின் மொத்தம் இரண்டில் பெரியதைக் கொடுங்கள். சிறந்த விடையில் பாதியாவது நிச்சயம்.

அனீலிங்கை நான்கு இட, எட்டு இடக் கணக்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1995இல் கிறிஸ்டென்சன் குழுவினர் பல முறைகளை ஒப்பிட்டபோது அது நன்றாகவே நின்றது.

கோடு போடும் வழியை எழுதினால், விடையில் நிரூபணத்தை விட்டுவிடாதீர்கள். ஒன்று விட்டு ஒன்றாக உள்ள கோடுகளுக்கு நடுவே இரண்டு பெட்டி உயரத்துக்கு மேல் இடைவெளி இருப்பதால் அவற்றின் பெட்டிகள் தொடவே முடியாது. இந்த ஒரு வரிக்குத் தனி மதிப்பெண் உண்டு.