ஜீரோ டிக்கெட்

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிற ஆள் நான் ஒருவன்தான். திருச்சியை விட்டு பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுக்குக் குடி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2023 ஜூன் 11ஆம் தேதி கர்நாடகத்தில் சக்தி திட்டம் ஆரம்பித்தது. பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசம். ஆனால் கர்நாடக விலாசம் வேண்டும். மனைவியின் ஆதாரில் இருந்ததோ தில்லைநகர்.

"என்னங்க, விலாசம் மாத்தணும்" என்றாள். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்று சொன்னால் எவ்வளவு நாள் ஆகும் என்பது அவளுக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். ரெண்டே நாளில் தனியாக ஆதார் மையத்துக்குப் போய், வரிசையில் நின்று, கன்னடமும் தமிழும் கையசைவுமாகப் பேசி வேலையை முடித்துவிட்டாள். வங்கியில் இத்தனை வருஷம் அடுத்தவர் விலாசத்தைச் சரிபார்த்தே காலம் தள்ளியவன் நான். சொந்த விலாசத்தை மாற்ற இன்னும் வேளை வரவில்லை, என் ஆதாரில் இன்றைக்கும் தில்லைநகர்தான்.

சலுகை விஷயத்தில் என் ராசி அப்படி. ரயிலில் அறுபது வயதான ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி இருந்தது. பெண்களுக்கு 58 வயதிலிருந்தே 50 சதவீதம். அதை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். எனக்கு அறுபது முடிந்தது 2021இல். பெங்களூரில் 2025 ஜனவரியில் பஸ் கட்டணத்தை 15 சதவீதம் ஏற்றினார்களே, அப்போதும் எங்கள் வீட்டில் வலித்தது எனக்கு மட்டும்தான்.

இலவசம் என்றாலும் டிக்கெட் உண்டு. ஆதாரைக் காட்டினால் நடத்துனர் மிஷினில் தட்டி ஒரு ஜீரோ டிக்கெட் கிழித்துத் தருவார். அந்தக் கணக்கை வைத்துத்தான் அரசாங்கம் பஸ் கழகத்துக்குப் பணம் தருகிறது என்பதால் வாங்காமல் உட்கார்ந்தால் செக்கரிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இவள் அதை நாலாக மடித்து வளையலுக்கு அடியில் செருகிக்கொள்வாள். ராத்திரி பார்த்தால் ஃப்ரிட்ஜ் மேல் சுருண்டு கிடக்கும், மேல் எழுத்து வியர்வையில் பாதி அழிந்திருக்கும்.

ஏசி வஜ்ரா பஸ்ஸில் இந்த டிக்கெட் செல்லாது. ஸ்டாப்பில் நிற்கும்போது நீலக் கண்ணாடியோடு காலியாக ஒரு வஜ்ரா வந்து நிற்கும். நான் ஒரு காலை எடுத்து வைப்பேன். "அது நம்ம பஸ் இல்ல" என்பாள், ஏதோ வேறு ஊருக்குப் போகிற பஸ் மாதிரி.

ஏறினால் அவள் முன்பக்கம், நான் பின்பக்கம். பெண்கள் வரிசை முன்னால். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் பக்கத்து சீட்டு அம்மாவின் மருமகள் என்ன வேலை பார்க்கிறாள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாள் என்பதுவரை தெரிந்துவைத்திருப்பாள். பின்னால் எங்கள் ஆண்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு செல்போன், அல்லது தூக்கம். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று நடத்துனர் தள்ளுவார். நம்ம 'போ'தான் இங்கே 'ஹோ' ஆகியிருக்கிறது என்று புரிந்த நாளிலிருந்து (பள்ளி ஹள்ளி, பத்து ஹத்து, புலி ஹுலி) கன்னடம் அவ்வளவு பயமாக இல்லை. ஆனால் எனக்கு இலக்கணம்தான் வருகிறது, அவளுக்குப் பேச்சு வருகிறது.

லால்பாகுக்கு மாசம் ஒருமுறையாவது போய்விடுவோம். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற அந்தப் பாறைக்கு வயசு 300 கோடி வருஷம் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். அதன் மேல் உட்கார்ந்து நாங்கள் பேசுவது முட்டி வலி.

போன கார்த்திகையில் கடலெக்காய் பரிஷெக்கு, அதாவது நிலக்கடலைத் திருவிழாவுக்குக் கிளம்பினோம். பசவனகுடியில் பெரிய நந்தி கோயில் தெரு முழுக்க நிலக்கடலை, கன்னடக் கணக்கில் கார்த்திகை மாசத்துக் கடைசித் திங்கள்கிழமை. அங்கே ஒரு காலத்தில் கடலை வயல்களாம். ராத்திரியில் ஒரு காளை வந்து மேய்ந்துவிட்டுப் போக, முதல் விளைச்சலை உனக்கே தருகிறோம், வயலை விட்டுவிடு என்று விவசாயிகள் வேண்டிக்கொண்டார்களாம். இப்போது காளை சாப்பிட்டதைவிட மனிதர்கள் சாப்பிடுவதுதான் அதிகம். ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று இவள் ஒவ்வொரு குவியலிலும் ரெண்டு ரெண்டாக உடைத்துக்கொண்டே நடந்தாள். மண் வாசனை போகாத பச்சைக் கடலை, ரெண்டு பருப்பு, மூணு பருப்பு. வறுத்தது வேறு, வேகவைத்தது வேறு. தெருமுனை வரை போய்விட்டுக் கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து ரெண்டு படி வாங்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நெரிசல். கடலைப் பை, அவள் கைப்பை, அதற்குள் அவள் போன், எல்லாம் என்னிடம். அவளிடம் ஆதாரும் ஜீரோ டிக்கெட்டும் மட்டும். மல்லேஸ்வரம் வந்ததும் தலைகளுக்கு நடுவே அவள் கை உயர்ந்து ஏதோ சைகை காட்டியது. இன்னும் ஒரு ஸ்டாப் என்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். பஸ் கிளம்பியது. பார்த்தால் அவள் கீழே, நடைபாதையில், எட்டாவது கிராஸ் கடைத்தெருக் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ரெண்டு பையோடு திரும்பி நடந்தேன். கோபம் எனக்கு, மூச்சும் வாங்குகிறது. என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயார்செய்துகொண்டே வந்தேன். கீரைக்காரம்மா முன்னால் குந்தி உட்கார்ந்து, சப்சிகே சொப்பு என்கிற கீரைக் கட்டை மோந்து பார்த்தபடி "எஷ்டம்மா?" என்று பேரம் நடக்கிறது. என்னைக் கண்டதும் கட்டை என் பைக்குள் திணித்தாள்.

"அதான் எறங்குங்கன்னு கை காட்டினேனே?"

தயார்செய்த வாக்கியம் எதுவும் வரவில்லை. அதற்குள் பின்னால் ஒரு பஸ் வந்தது, சாதா பஸ். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"சில்லறை வெச்சிருக்கீங்களா?"