பெயர் வேண்டாம், டாக்டரே

திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு வருபவர்கள் உண்டு. அங்கே நல்ல டாக்டர்கள் இல்லாமல் இல்லை. மனநல டாக்டரின் படி ஏறுவதைத் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆசிரியர்கள், கல்யாணம் நிச்சயமான பெண்கள், ஒருமுறை ஒரு பாதிரியார்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒருவர் (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்) சீட்டில் 'ராஜன், பிசினஸ்' என்று போட்டிருந்தார். அப்பா இறந்து ஐந்து மாதம். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு, சாப்பாடு இறங்கவில்லை, குளியலறையில் அழுகை. சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தேன்.

"எழுத வேண்டாம் டாக்டரே, வாயால சொன்னா மதி" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "இது ரத்தத்தில எத்தனை நாள் கிடக்கும்?" என்றார்.

எந்த வியாபாரியும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. என்ன வேலை என்றேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பைலட்." மறுநாள் காலை டூட்டியாம்.

ஆண்டுதோறும் மெடிக்கல். மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னால் 'தற்காலிகத் தகுதியின்மை'. சம்பளத்தில் பெரிய பங்கு பறக்கும் மணிக்கணக்கில் வருவது. தரையில் உட்கார்ந்தால் அது நிற்கும், வீட்டுக்கடன் நிற்காது. உண்மை சொன்னவனுக்குத் தண்டனை, மறைத்தவனுக்குச் சம்பளம்! இதில் யார்தான் வாய் திறப்பார்கள்?

2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் விமான நிறுவனத்தின் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை வேண்டுமென்றே மோதி 150 பேர் இறந்தது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அவர் ஐந்து வருடத்தில் 41 டாக்டர்களைப் பார்த்திருந்தார்; வேலைக்குப் போகக் கூடாது என்ற டாக்டர் சான்று வீட்டில் கிழித்துப் போட்டுக் கிடந்தது. அந்த டாக்டர்களில் ஒருவனாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கும் இருந்தது, மறைப்பானேன். 2017 மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. பிறருக்குத் தீங்கு நேரும் என்றால் விலக்கும் தருகிறது. ஆனால் எதிரில் இருந்தது அப்பாவை இழந்த மகன், கொலைகாரனல்ல. சோதனையை இறுக்கச் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. இறுக்க இறுக்க 'ராஜன்'கள்தான் பெருகுவார்கள்.

நாளை பறக்க வேண்டாம் என்றேன். என் முன்னாலேயே போன் செய்து காய்ச்சல் என்று லீவு சொன்னார். காய்ச்சலை யாரும் கேள்வி கேட்பதில்லை.

லீவை நீட்டிக்கொண்டே ஆறு வாரம் வந்தார், ரொக்கம் கொடுத்து. பேச்சு சிகிச்சைதான், மாத்திரை வேண்டுமென்றால் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுத்தான் என்பதில் நான் இறங்கி வரவில்லை. அமெரிக்காவில் 2010 முதல் இதே மருந்தைச் சாப்பிட்டு, சில மாதம் நிலையாக இருந்து, அனுமதி வாங்கிப் பறக்கிறார்கள் என்றேன். ஐரோப்பாவில் 2021 முதல் ஒரு விமானி சக விமானியிடமே மனம் விட்டுப் பேச விமான நிறுவனங்கள் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பதையும் சொன்னேன். "அது அங்கே" என்றார். 2023இல் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவும் சக விமானி உதவி பற்றிச் சுற்றறிக்கை விட்டது. அவர் வந்துபோனது அதற்கு முன்பு.

ஏழாவது வாரம், "லெட்டர் எழுதுங்கோ, கொடுத்துடுதேன்" என்றார். லெட்டர்ஹெட்டை எடுத்து, பெயர் என்ன என்றேன். முதல்முறையாக உண்மையான பெயரைச் சொன்னார். கடைசி எழுத்து 'எம்'மா 'என்'னா என்று எனக்குச் சந்தேகம்.

"நவம்பர்" என்றார், விமானிகள் ரேடியோவில் 'என்' எழுத்தைச் சொல்வதுபோல.