ஜப்பானில் குடும்பக் கல்லறையை மூடி அஸ்தியை மாடத்துக்கு மாற்றுவது: அனுபவத்தில் தெரிந்தவை

கல்லறை கிராமத்தில், பிள்ளைகள் டோக்கியோவில், களை பறிக்க ஆளில்லை. ஜப்பானில் 'ஹகா ஜிமாய்', அதாவது கல்லறையை மூடிவிட்டு அஸ்தியை வேறிடம் கொண்டுபோவது, பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. 2022 நிதியாண்டில் இடம் மாற்ற அனுமதி பெற்றவை ஒன்றரை இலட்சத்துக்கு மேல். நகரத்தில் புதிய கல்லறை மனை வாங்குவது பலருக்கு எட்டாததால் அஸ்தி மாடம் (கலசங்களை அடுக்கி வைக்கும் கட்டடம்), மரத்தடி அடக்கம், பொதுக்குழி (பலரின் அஸ்தியை ஒன்றாகக் கலந்து இடும் இடம்) இவற்றில் ஒன்றுக்குத்தான் வருவார்கள்.

எதிலும் கையெழுத்திடும் முன், பழைய கல்லறையைத் திறந்து எண்ணிப் பாருங்கள். வீட்டார் "தாத்தா, பாட்டி, பெரியப்பா, மூன்று பேர்தான்" என்பார்கள். திறந்தால் ஏழு கலசம் இருக்கும். மூன்று பேருக்கென்று மாடம் எடுத்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இடுகாட்டு நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, கல் வேலை செய்பவரைக் கொண்டு மூடுகல்லை நகர்த்துவது நல்லது. நாமே நெம்பினால் கல் உடையும், கை நசுங்கும்.

நம் ஊரில் காடாற்றில் பொறுக்கிய எலும்பை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுகிறோம். அங்கே பொடிக்காமல் துண்டுகளாகவே கலசத்தில் இட்டு, கல்லுக்கு அடியில் 'கரோட்டோ' என்னும் அறையில் வைப்பார்கள். டோக்கியோ வட்டாரத்தில் எலும்பு முழுவதையும் எடுப்பதால் கலசம் ஏழு சுன், அதாவது ஏறத்தாழ 21 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். ஒசாகா பக்கம் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதால் கலசம் சிறியது. துணிப்பையில் கட்டி மண்ணோடு சேரவிடும் வழக்கமும் உண்டு. அங்கே கலசமே இருக்காது, கொஞ்சம் மண்ணைத்தான் அள்ளி வர முடியும். கலசம் இருந்தாலும் பல ஆண்டு ஈரம் கோத்து உள்ளே தண்ணீர் நிற்கும். தூக்கும்போது கனத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நீரை வடித்து எலும்பை நன்றாக உலர்த்தியாக வேண்டும். ஈரத்தோடு மாடத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கலசங்கள் கூடிவிட்டால் எலும்பைப் பொடித்துக்கொள்ளலாம். 2 மி.மீ.க்குக் கீழ் பொடித்தால் கனஅளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். காற்று நீக்கிய பையில் அடைத்துத் தருவார்கள். அட்டையைக் காட்டினால் எந்திரம் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் மாடங்கள் டோக்கியோவில் பல உண்டு. அவற்றின் பெட்டியில் ஏழு சுன் கலசம் பெரும்பாலும் இரண்டுதான் கொள்ளும், பொடித்த பைகளென்றால் ஒரு குடும்பமே அடங்கும். தகன மேடையின் எஃகிலிருந்து ஆறிணைதிறக் குரோமியம் என்னும் நச்சுப்பொருள் எலும்பில் படிந்திருக்கலாம் என்பதால், அதை நீக்கிய பின் பொடிக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் உரலில் இடிக்கும் எண்ணமே வேண்டாம்.

இனிக் காகிதங்கள். 1948-ஆம் ஆண்டின் கல்லறைச் சட்டப்படி, அஸ்தியை இடம் மாற்ற நகராட்சியின் 'கைசோ' அனுமதி கட்டாயம். விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள் வசிக்கும் ஊரில் அல்ல, கல்லறை இருக்கும் ஊரில். முதலில் புதிய இடத்தின் ஏற்புச் சான்று, பிறகு பழைய இடத்து நிர்வாகியிடம் 'இவர் இங்கே இருக்கிறார்' என்ற சான்று, அதன் பின் விண்ணப்பம். கல்லறை உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். ஒவ்வொருவரின் இறந்த தேதி, பதிவு முகவரி எல்லாம் கேட்பார்கள். குடும்பப் பதிவேட்டின் பழைய படிகளில் இருக்கும். 2024 மார்ச் முதல், நேர்வழி மூதாதையரின் படியை எந்த ஊர் அலுவலகத்திலும் வாங்கலாம். எங்கு தேடியும் கிடைக்காத விவரத்துக்கு 'தெரியவில்லை' என எழுதலாமா என்று நகராட்சியையே கேட்டுவிடுங்கள்.

கல்லறை பௌத்தக் கோயிலுக்குரியதென்றால் முடிவெடுத்தபின் கடிதம் அனுப்பாதீர்கள். நேரில் போய், ஏன் என்று பேசுங்கள். சான்றில் முத்திரை வைக்க வேண்டியவர் அந்தக் கோயிலின் பிக்குதான். கோயிலை விட்டு விலகுவதற்குக் காணிக்கை கேட்கலாம்; கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இவ்வளவு கால நன்றிக்கு இயன்றதைக் கொடுப்பது வேறு, மிரட்டலுக்குக் கொடுப்பது வேறு. கல்லை அகற்றச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் யென் ஆகும். எந்திரம் நுழையாத மலைச்சரிவு, படிக்கட்டு என்றால் கூடும். குறிப்பிட்ட கல் கடையைத்தான் அமர்த்த வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். மனைக்குக் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது. வாங்கியது நிலத்தை அல்ல, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே.

புதிய மாடத்தில், அழகைவிடக் கெடுவைக் கவனியுங்கள். சிஞ்சுகுவின் கோகொகுஜி கோயிலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி புத்தர்கள் ஒளிர்வது மனதைக் கவரும். ஆனாலும் இத்தகைய மாடங்கள் பலவற்றில், சில இடங்களில் 13 ஆண்டு, சில இடங்களில் 33 ஆண்டு கழித்து அஸ்தியைப் பொதுக்குழியில் கலந்துவிடுவார்கள். கலந்ததை யாராலும் பிரித்து எடுக்க முடியாது. ஆண்டுக் கட்டணம் நின்றால் என்ன நடக்கும், நிறுவனம் நொடித்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2022-இல் சப்போரோவில் ஒரு மாடம் மூடப்பட்டு, குடும்பங்கள் கலசங்களைத் திரும்ப எடுக்கத் திண்டாடின.

கொண்டுபோகும் நாளில் கலச மூடியை ஒட்டுப்பட்டையால் சுற்றி, துணியில் பொதிந்து மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். அனுப்புவதானால் அஞ்சலகத்தின் 'யூ-பேக்' பொதிச் சேவை ஏற்கும். அனுமதியின் மூலப்படியைப் புதிய நிர்வாகியிடம் கொடுத்தால்தான் உள்ளே வைப்பார்கள். நகலை உங்களிடம் வைத்திருங்கள்.

பொதுக்குழிதான் என்று முடிவானால், அதற்கு முன் ஒரு சிட்டிகையைச் சிறு கலசத்தில் வீட்டுக்கு எடுத்து வைப்பவர்கள் உண்டு. வீட்டில் வைக்கத் தடையில்லை. பிரித்தெடுக்கும்போதே பழைய நிர்வாகியிடம் 'புன்கொட்சு' சான்று, அதாவது அஸ்தியைப் பிரித்ததற்கான சான்று, வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் பின்னொரு நாள் அதை எந்த இடுகாட்டிலும் ஏற்கமாட்டார்கள்.