ஒரு வண்டிக்குத்தான் இடம்

மே 9, 2023
இருப்பது இரண்டு கார். புது ஃபிளாட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அதுவும் தூணை ஒட்டி.

மே 11
ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு அரை இட்லி இறங்கியது.

மே 14
விடிகாலையில் இரண்டையும் தனித்தனியாகக் கத்திப்பாரா வரை ஓட்டிப் பார்த்தேன். 86 பத்மினி (எங்களுக்கு அது பியட்தான்), 88 அம்பாசிடர். பியட் 1089 சிசிதான், ஆனால் மிதித்தவுடன் துள்ளுகிறது. ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் இரண்டே விரலுக்கு விழுகிறது. அம்பாசிடர் 1489 சிசி இருந்தும் உடம்புக் கனம் விடுவதில்லை. பாலத்தில் கியர் மாற்றச் சொல்லிக் கேட்காமல் முனகிக்கொண்டே ஏறியது, அது வேறு விஷயம். பிரேக்கை ஏறி மிதித்தால்தான் நிற்கிறது. பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. என் கணக்கில் லிட்டருக்கு அம்பாசிடர் 9, பியட் 13. ஓட்டத்தில் பியட்தான், யோசிக்க ஒன்றுமில்லை.

மே 15
அம்பாசிடருக்கு அடியில் வைத்த அலுமினியத் தட்டில் ஒரு ராத்திரிக்கு ஏழு சொட்டு ஆயில்.

மே 17
ஆஸ்பத்திரிக்குப் பியட்டில் கிளம்பினேன். அக்னி நட்சத்திரம், மதியம் ஒரு மணி, சிக்னலில் அணைந்துவிட்டது. பம்ப் சூடேறி பெட்ரோல் உள்ளேயே ஆவியாகியிருக்கும். பானெட்டைத் தூக்கி, கர்ச்சீப்பை நனைத்துப் பம்பின் மேல் போட்டேன். தண்ணீர் கொடுத்த இளநீர்க்காரர், "துணி காயக் காயத் தண்ணி விடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். பத்து நிமிஷம். அதற்குள் போனை எத்தனை தடவை பார்த்தேனோ.

மே 18
ஆறு சொட்டு.

மே 20
புதுப்பேட்டை. பியட் கியர் லிங்கேஜுக்கு ஒரு புஷ் கேட்டு நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் பாய் ஒரு டால்டா டின்னைக் கவிழ்த்துத் துழாவி எடுத்தார், அதுவும் பழசு. அம்பாசிடருக்கு டை ராட் எண்ட் என்றதும் தலை நிமிராமலே எடுத்துப் போட்டார். சர்க்கார் வண்டியாக ஓடிய புண்ணியம். ஆர்.சி. புதுப்பிக்க இரண்டுக்கும் போன வருஷத்திலிருந்து தலைக்கு 5,000.

மே 21
அத்தை போனில் அழுதாள். பியட் பெரியப்பாவின் ஞாபகமாம். அவள் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளட்டுமே!

மே 24
கல்கத்தா பக்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்று இன்றோடு ஒன்பது வருஷம். 2014-ல் அந்தச் செய்தி வந்த அன்று அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார்.
இன்று அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இடது கால் இன்னும் இழுக்கிறது. குனிய முடியவில்லை. வீட்டுக்கு வந்து நானும் இடது காலை இழுத்துக்கொண்டு, குனியாமல், இரண்டு வண்டியிலும் பின் சீட்டில் ஏறிப் பார்த்தேன். பியட்டில் நெற்றி இடித்தது. அம்பாசிடரில் திண்ணையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிடலாம். மூன்று தடவை ஏறி இறங்கினேன். எதிர் வீட்டுப் பாட்டி, "என்னப்பா, காலுல என்ன?" என்றாள்.

மே 25
வாங்குகிறவர் போன் செய்தார். எந்த வண்டி என்று நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன்.

மே 27
ஒன்பது சொட்டு.

மே 28
நாளை டிஸ்சார்ஜ். அம்பாசிடர் பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.